மிலாறும் மானியமும்

மலைநாட்டுப் பாடசாலைகளின் ஆசிரியர் ஓய்வறைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "இந்தத் தோட்டத்துச் சனங்களுக்கு அரசாங்கம் எவ்வளவு கொடுத்தாலும் போதாது." சொல்பவர் கொடியவரல்லர். நன்றாகப் பாடம் நடத்துபவராக இருப்பார். பாரதி விழாவில் உருக்கமாகப் பேசக்கூடியவராகவும் இருப்பார். தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியவாறே, அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கைகளைப் பற்றி அவர் இவ்வாறு கூறக் கேட்டும் நாம் வாளாவிருந்ததுண்டு. அட்டனிலும் நுவரெலியாவிலும் கற்பிக்கும் நம்மில் பலர் அதே லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆதலின், இக்கட்டுரை முதலில் நம்மை நோக்கியும், பின்னரே அரசாங்கத்தை நோக்கியும் எழுதப்படுகின்றது.

"எவ்வளவு கொடுத்தாலும்" என்கிறோமே, கொடுத்ததுதான் யாது? எவருக்கு, எவ்விதம் கொடுக்கப்பட்டது?

2022 ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில், பொருளாதார நெருக்கடி முற்றிக்கொண்டிருந்த வேளையில், அன்றைய நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ 22,900 கோடி ரூபா நிவாரணத் திட்டமொன்றை அறிவித்தார். அதன்படி அரசாங்க ஊழியருக்கும் ஓய்வூதியம் பெறுவோருக்கும் மாதம் 5,000 ரூபா மேலதிகப் படி. தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபா வீதம். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நமது ஐயாயிரம் பணமாக வந்தது. சம்பளத்தோடு சேர்ந்து வங்கிக் கணக்கிலேயே வந்து விழுந்தது. எந்தப் படிவத்தையும் நாம் நிரப்பவில்லை. வீட்டுக்கு வந்து எவரும் நம் அலுமாரியைத் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பணத்தில் நாம் அரிசி வாங்கினோமா, கைத்தொலைபேசிக்குக் காசு போட்டோமா என்று கேட்பாருமில்லை. தோட்டத்துக்கு அறிவிக்கப்பட்டதோ பணமன்று, மா. அதையும் காசு கொடுத்தே வாங்கவேண்டும். எதை உண்ணவேண்டும் என்பதையும் கொடுப்பவரே தீர்மானித்திருந்தார்.

நமக்குக் கிடைத்ததற்குப் பெயர் 'படி'. அவர்களுக்குக் கிடைத்ததற்குப் பெயர் 'சலுகை'. பின்னர் 2024 ஆம் ஆண்டில் அரச ஊழியரின் வாழ்க்கைச் செலவுப் படி 7,800 ரூபாவிலிருந்து 17,800 ரூபாவாக உயர்ந்தபோதும், அதை எவரும் பிச்சை என்று சொல்லவில்லை. நாமும் போதவில்லை என்றுதான் சொன்னோம். சொன்னது சரியே. ஆனால் அதே சொல்லைக் கொழுந்துக் கூடை சுமப்பவள் சொல்லும்போது மட்டும் அது நன்றிகெட்ட சொல்லாக நம் செவியில் ஏன் ஒலிக்கவேண்டும்?

இனி அடுப்புக்கு வருவோம். எரிபொருள் என்றதும் நகரத்து மனிதனின் கண்முன் பெற்றோல் நிலையத்து வரிசையும், சமையல் வாயுச் சிலிண்டரும் தோன்றும். 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானபோது நாடே அலறியது. லயத்துக் காம்பிராக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அலறல் அந்நியமானது. அங்கே எரிவது விறகு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பொறுக்கிவரும் மிலாறு, காற்றில் முறிந்த சபுக்குக் கிளை, கருப்பந்தைல மரத்துப் பட்டை, இவைதாம் மலையகத்தின் எரிபொருட் களஞ்சியம். மாலை நாலரைக்குக் கொழுந்து நிறுத்துக் கூடையை இறக்கிய தோளில் ஐந்து மணிக்கு மிலாற்றுக் கட்டு ஏறுகின்றது. இந்த உழைப்புக்குச் செக்ரோலில் பெயர் விழுவதில்லை. நாட்டின் எரிசக்திக் கணக்கிலும் இதற்கு ஒரு சதம் விலையில்லை. நம்முடைய மேசையின்மேல் அடுக்கப்படும் அப்பியாசக் கொப்பிகளை முகர்ந்து பார்த்தால் போதும், எந்தப் பிள்ளை எந்த அடுப்பருகில் இருந்து எழுதினான் என்பது தெரிந்துவிடும்.

அதே தோட்டத்து ஸ்டோரில், பறித்த கொழுந்தை உலர்த்தும் சூடும் பெரும்பாலும் விறகிலிருந்தே வருகின்றது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். தேயிலைக்கு விறகு உரிமையாக வருகின்றது, லொறியில் வருகின்றது. தேயிலை பறிப்பவளுக்கு விறகு தலைச்சுமையாக வருகின்றது. விழுந்த மரத்தில் ஒரு கிளையை வெட்டினால் சில இடங்களில் அது களவாகவும் எண்ணப்படுகின்றது.

மழை பெய்யும் மலையில் ஈர விறகு தானாகப் பற்றாது. அதற்கு ஒரு மிடறு மண்ணெண்ணெய் வேண்டும். 2022 ஓகஸ்ட் 21 ஆம் திகதி நள்ளிரவில் அந்த மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. ஒரே இரவில், ஏறத்தாழ நான்கு மடங்கு. மண்ணெண்ணெய் நெடுங்காலம் அடக்க விலைக்குக் கீழே விற்கப்பட்டது, அந்தக் குறைந்த விலையால் தொழிற்சாலைகளும் இலாபமடைந்தன என்பது அதிகாரிகள் சொன்ன நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் மீனவருக்கும் தோட்டத்துறையினருக்கும் நேரடிப் பண மானியம் வழங்கப்படும் என்ற வாக்குறுதியும் கூடவே வந்தது. வாக்குறுதியையும் விலையையும் ஒப்பிடும்போது ஒன்று புலனாகும். விலை அன்றிரவே வந்துவிட்டது. அது விண்ணப்பப் படிவம் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை, கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் கேட்கவில்லை. காம்பிராவுக்கு முகவரி இல்லையே என்று தயங்கித் திரும்பிப் போகவுமில்லை. மிகச் சரியாக, ஒரு வீட்டையும் விட்டுவிடாமல், எல்லா அடுப்பையும் வந்தடைந்தது. புதிய நலன்புரித் திட்டமான அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலை 1 ஆம் திகதி. இடையிலே பத்து மாதங்களுக்கு மேல்.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில், ஒரு மாணவி இரண்டாம் பாடவேளை முடியும் தறுவாயில் வகுப்புக்கு வந்தாள். ஏன் பிந்தினாய் என்று கேட்டோம். "வெறகு நனைஞ்சிருச்சு சார். அடுப்புப் பத்தல." வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருடைய வீட்டிலும் அன்று அதுதான் நடந்திருக்கும்.

மின்சாரத்தின் கதையும் இதுவே. மாதம் 30 அலகு பாவிக்கும் வீட்டின் கட்டணம், வரி நீங்கலாக, 2022 ஓகஸ்டுக்கு முன்னர் 105 ரூபா. அம்மாதம் அது 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் 1,300 ரூபாவாயிற்று. ஆறே மாதங்கள்! அவ்வாண்டு ஜூலையில் குறைக்கப்பட்டது உண்மை. ஆனால் மிகக் குறைவாகப் பாவிப்பவனுக்கே மிகப் பெரிய மடங்கில் ஏற்றப்பட்டது என்பதும் உண்மையல்லவா? ஒரு மின்குமிழும் பிள்ளை படிக்க ஒரு மேசை விளக்கும் உள்ள வீடு அது. எரிபொருட் பங்கீடோ வாகன இலக்கத்தை வைத்து நடந்தது. 2022 ஜூலையில் வந்த கியூ.ஆர். முறையில் காருக்கு ஒரு பங்கு, முச்சக்கர வண்டிக்கு ஒரு பங்கு, மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பங்கு. கால்நடையாய் மலையேறுபவன் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவன் ஏறும் பஸ்ஸின் கட்டணம் மட்டும் அவனைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இவ்வளவையும் தாங்கிய கூலி எவ்வளவு? நாட்சம்பளம் 1,000 ரூபா என்று 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியாயிற்று. அதற்காக நடந்த போராட்டத்தின் வயது ஐந்து ஆண்டுகளுக்கு மேல். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு 94.9 வீதம். அந்தச் செப்டெம்பரிலும் 1,000 ரூபாதான். அடுத்த செப்டெம்பரிலும் 1,000 ரூபாதான். 2024 செப்டெம்பரில்தான் அது 1,350 ரூபாவாயிற்று. அதற்கு முன்னே 1,700 என்று மேதின மேடையில் முழங்கியதும், அந்த வர்த்தமானி நீதிமன்றப் படியேறியதும் தனிக் கதை. கோதுமை மா கிலோ 400 ரூபாவைத் தொட்ட நாட்களில், ஒரு கிலோ மாவும் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயும் வாங்கினால் நாட்கூலியில் முக்கால்வாசி தீர்ந்தது. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டுப் போகவேண்டும். சங்கச் சந்தா போகவேண்டும். நிர்ணயித்த கிலோ பறிக்காத நாளில் விழுவது அரைப்பேர். மழையில் கொழுந்து குறைந்தால் அது வானத்தின் குற்றமன்று, அவளுடைய குற்றம்.

கம்பனிகளிடம் பணம் இல்லை என்பார் சிலர். 2021 ஆம் ஆண்டின் உரத்தடை விளைச்சலைக் குலைத்தது, டீசலும் மின்சாரமும் அவர்களுக்கும் ஏறின என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ரூபா விழுந்தபோது தேயிலையின் ரூபா விலை எழுந்ததே! கொழும்பு ஏலத்தில் 2021 இல் கிலோ சராசரி ஏறத்தாழ 620 ரூபா. 2022 இல் 1,200 ரூபாவைத் தாண்டிற்று. தேயிலையின் விலை டொலரைப் பின்தொடர்ந்தது, மாவின் விலை டொலரைப் பின்தொடர்ந்தது, மண்ணெண்ணெயும் அவ்வாறே. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒன்று மட்டும் அசையாமல் நின்றது.

அஸ்வெசும திட்டத்தை நாம் வெறுப்பவர்கள் அல்லர். பணமாகக் கொடுப்பது மாவாகக் கொடுப்பதைவிட மேலானது. தொடக்கத்தில் நான்கு வகுப்பினருக்கு மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று வகுக்கப்பட்டது. கடைசி இரண்டும் 2025 இல் 10,000 ஆகவும் 17,500 ஆகவும் உயர்ந்தன. இந்தத் தொகை கிடைத்த காம்பிராக்களில் அது பிள்ளையின் சப்பாத்தாகவும் முட்டையாகவும் மாறியதைக் கண்டிருக்கிறோம். நமது வழக்கு வேறு. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளின்கீழ் 22 குறிகாட்டிகளை வைத்து ஏழையை அளக்கின்றார்கள். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் தந்தபோது வகுத்த வழியும் இதுவே: விலையை அடக்கச் செலவுக்கு உயர்த்து, பின்னர் மிக வறியவரைத் தேடிப் பிடித்துக் கைகொடு. முதற்பாதி எல்லார்மீதும் விழுகின்றது. இரண்டாம் பாதி தேர்வு வைத்துச் சிலரைச் சேர்க்கின்றது. நாட்டிலே இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தது தேர்வு எவ்வளவு சீராக நடந்தது என்பதற்குச் சான்று. பரீட்சைத்தாள் திருத்தும் நமக்கு இது புரியாததன்று. வினாத்தாளே ஒரு சாராருக்குப் பொருந்தாமல் அமைந்துவிட்டால், புள்ளியை எவ்வளவு நேர்மையாகக் கூட்டியும் என்ன பயன்?

பொருந்தாமல் அமைந்தது எவ்வாறு? வீட்டு நிலை பற்றிய கேள்விக்கு லயத்து மனிதன் என்ன விடை எழுதுவான்? வீடு அவனுடையதன்று, வாடகையும் அவன் கொடுப்பதில்லை, வேலையை விட்டால் இருக்கலாமா என்பதும் அவனுக்குத் தெரியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவிலும் இஸ்தோப்பிலுமாக அப்பனும், மணமான மகனும், கைம்பெண்ணான மகளும் தனித்தனி அடுப்பு மூட்டுகின்றார்கள். கதவோ ஒன்று. கடிதம் தோட்டத்து அலுவலகம் வழியே வந்து, வந்தபோது வந்து சேர்கின்றது; மேன்முறையீட்டுக்கு அழைப்பு வந்தால் திகதி கடந்த பின்னர் கையில் கிடைப்பதும் உண்டு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அத்தனை பேருக்கும் அப்போது ஒரு செயலகமே இருந்தது. அங்கே போக ஒரு நாட்சம்பளத்தை இழக்கவேண்டும். போனால் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் இருக்கவேண்டும். தோட்டத்து மக்களுக்குப் பணி செய்யவிடாமல் உள்ளூராட்சி மன்றங்களைத் தடுத்து நின்ற பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 இல்தான் திருத்தப்பட்டது என்பதை நினைத்தால், இந்த மக்களை அரசாங்கம் எவ்வளவு காலம் கம்பனியின் கணக்கிலே விட்டுவைத்திருந்தது என்பது விளங்கும்.

இது நேற்று முளைத்த நோயன்று. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலையைப் படி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது. டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். இடதுசாரிகளாகிய நாம் அந்த நாளைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். நினைவுகூரும்போது இன்னொன்றையும் சேர்த்து நினைக்கவேண்டும். அரிசி விலை தோட்டத்திலும் அதே அளவுதான் ஏறியது. ஆனால் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் அங்கே பெரும்பாலோருக்கு வாக்கு இல்லாதிருந்தது. 1973, 74 ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது கிராமத்தானுக்கு மரவள்ளி நட ஒரு துண்டு மண் இருந்தது. லயத்தானுக்கு அதுவும் இருக்கவில்லை. தோட்டங்களில் மரணம் ஏறியது. உழைத்தவர்கள் நகரங்களில் இறங்கிக் கையேந்தினார்கள். பின்னர் ஜனசவிய வந்தது, 1995 இல் சமுர்த்தி வந்தது. 'மாதச் சம்பளம் உள்ளவர்கள்' என்ற காரணத்தால் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்தச் சம்பளத்தின் இலட்சணத்தை 2019 ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கே சொல்லிற்று: நாட்டில் வறியோர் 14.3 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். இது நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

"குடித்து அழிக்கிறார்களே" என்ற ஆட்சேபமும் நம் அறையிலிருந்தே வரும். குடியைப் பற்றி நாம் வாதாட வரவில்லை. அதன் கொடுமையை வகுப்பறையில் நாள்தோறும் காண்பவர்கள் நாம். ஆனால் நகர மன்றத்து விருந்தில் குடிக்கும் உத்தியோகத்தருடைய வாழ்க்கைச் செலவுப் படியை எவரும் அதற்காக நிறுத்தி வைத்ததில்லை. மிலாறு சுமந்து வரும் பெண் குடிப்பதுமில்லை. அவளுடைய பங்கை மற்றவனுடைய குடிக்காக மறுப்பது எந்த ஒழுக்கநூலின் தீர்ப்பு?

2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, கம்பனிகள் தரும் நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபா வீதம் அரசாங்கமே ஊக்கத்தொகை சேர்ப்பதாக அறிவித்தார். 500 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. 1,750 ரூபா கைக்கு வருவதை எதிர்ப்பவன் மலையகத்தின் நண்பனல்லன். ஆயினும் இந்த இருநூறு யாருடைய கடன் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. உழைப்பின் விலையை வாங்குபவன் முழுதாகக் கொடுக்கவில்லை. குறையைப் பொதுத் திறைசேரி நிரப்புகின்றது. அந்தத் திறைசேரியில் லயத்துப் பெண் சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் கட்டிய வரியும் உண்டு. உதவி பெறுபவர் யார், தொழிலாளியா, கம்பனியா? மேலும் அது வேலைக்கு வந்த நாளுக்கு மட்டும் உரியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்ற நாளிலும், மழையால் வேலை கொடுக்கப்படாத நாளிலும் அடுப்பு எரிந்தாகவேண்டுமே. ஓய்வு பெற்றவள் அடுப்பு? தோட்டத்தில் பெயர் பதியாமல் கைக்காசுக்குப் பறிப்பவள் அடுப்பு?

தோட்டங்களின் நிருவாகம் 1992 இல் கம்பனிகளுக்குப் போயிற்றே தவிர, நிலம் அரசாங்கத்தின் கையில்தான் இருக்கின்றது. குத்தகைக்கு விட்ட நிலவுடைமையாளன், அந்த நிலத்தில் நாலைந்து தலைமுறையாக வாழ்பவர்களுக்கு விறகு மரம் வைக்க ஒரு சரிவையும், கீரையும் மரவள்ளியும் நட ஒரு துண்டையும் ஒதுக்க எந்த நாணய நிதியத்தின் அனுமதி வேண்டும்? காம்பிராவைக் கதவால் எண்ணாமல் அடுப்பால் எண்ணினால் போதும்; குடும்பம் எத்தனை என்பது அன்றே தெரிந்துவிடும். எண்ணிய பின்னர் ஒவ்வோர் அடுப்புக்கும் ஓர் இலக்கமும் முகவரியும் கொடுப்பது ஒன்றும் அணைக்கட்டுக் கட்டும் வேலையன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, விலை எந்த இரவில் ஏறுகின்றதோ அந்த மாதத்துச் சம்பளத்திலேயே பஞ்சப்படியும் ஏறவேண்டும். அரச ஊழியனுக்கு ஒரு சுற்றுநிருபத்தால் முடிவது, செக்ரோலில் பெயருள்ளவனுக்கு மட்டும் ஏன் ஐந்தாண்டுப் போராட்டமாகவேண்டும்?

ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டைப் பற்றி மகஜர் எழுதுவது வழக்கம். 2021 இல் இணையவழிக் கற்பித்தலை மாதக்கணக்கில் நிறுத்திப் போராடியவர்கள் நாம். அப்போது பாடத்தை இழந்த பிள்ளைகளில் லயத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய பெற்றோர் நமக்கு எதிராகக் கொடி பிடிக்கவில்லை. அடுத்த மகஜரில் வாழ்க்கைச் செலவுப் படி பற்றிய பந்திக்குக் கீழே, தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்துக்கும் விலைச் சுட்டெண்ணோடு இணைந்த படி வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்போம். அது நமது கோரிக்கையைப் பலவீனப்படுத்தும் என்று ஓய்வறையில் ஒருவர் சொல்வார். சொல்லட்டும்; இந்தமுறை நாம் பேசாதிருக்கப் போவதில்லை.